மொழிக்கு முகவரி தேடித்தந்த அய்னி

மொழியின் எல்லையும் ஆட்சியின் எல்லையும் ஒரே கோட்டில் அமைவது அரிது. காரைக்கால் மாவட்டத்தின் தென்கோடியில், நாகூரை ஒட்டி அமைந்துள்ள கீழவாஞ்சூர் மக்களுக்கு இதை எவரும் விளக்கத் தேவையில்லை. கூப்பிடு தொலைவில் உள்ள நாகூர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அவர்களின் தலைநகரமான புதுச்சேரியோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் தஞ்சை மன்னரிடமிருந்து பெற்ற நிலப்பரப்பின் விளிம்பு அது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி காரைக்கால் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்த பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. ஆனால், மண உறவும் மீன்பிடித் தொழிலும் நாகூர் கந்தூரியும் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தியதில்லை. இருபுறமும் தமிழே பேசப்படுகிறது. அது தமிழா என்று எவரும் ஐயுற்றதும் இல்லை.

அப்படி ஓர் ஐயம் எழுப்பப்பட்டால் என்ன ஆகும்? ஒரு கோட்டைக் கிழித்துவிட்டு, கோட்டுக்கு இந்தப்புறம் இருப்பவர்கள் பேசுவது அவர்களின் சொந்த மொழியே அல்ல என்று ஓர் அரசு அறிவித்தால் என்ன செய்வது? ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு மத்திய ஆசியாவில் தாஜிக் மக்கள் எதிர்கொண்ட கேள்வி இது. அதற்கு விடையாக ஒரு நூலைத் தொகுத்துத் தந்தவர் சத்ரிதீன் அய்னி. அய்னி என்ற பெயரை, தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பே அருகே இந்தியா சீரமைத்துத் தந்த விமானத் தளத்தின் பெயராகவே நம்மில் பலர் செய்திகளில் படித்திருப்போம். தாஜிக் மக்களுக்கு அது முதலில் ஓர் எழுத்தாளரின் பெயர்.

அய்னி 1878 ஏப்ரலில், புகாரா அமீரகத்தைச் சேர்ந்த கிஜ்துவான் வட்டாரத்தில், சாக்தரே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சிறு விவசாயி, கைத்தொழிலும் தெரிந்தவர், எழுதப் படிக்க அறிந்தவர். பாலைவனத்தின் விளிம்பில் இருந்த அந்தப் பகுதியில், காற்றில் பறந்துவரும் மணல் கால்வாய்களைத் தூர்த்துவிடும். கால்வாய் தூர்ந்தால் வயல் இல்லை. வயல் இல்லையென்றால் ஊர் இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று ஆண்டுதோறும் காத்திருக்கும் காவிரிப் படுகை உழவர்களுக்கு இந்த வாழ்க்கை அந்நியமானது அன்று.

அவர் முதலில் சேர்ந்தது ஊர்ப் பள்ளிவாசல் பள்ளியில். பொருள் விளங்காத பாடத்தை உரக்கச் சொல்லி மனனம் செய்வதே அங்கு கல்வி, தவறினால் பிரம்படி. அங்கு மகன் எதையும் கற்கவில்லை என்று கண்ட தந்தை, ஒரு பெண்மணி நடத்திவந்த சிறுமியர் பள்ளியில் அவரைச் சேர்த்தார். பிற்காலத்தில் புதிய பள்ளி, புதிய பாடநூல் என்று அய்னி அலைந்ததற்கான வித்து இந்தப் பழைய பள்ளியில் விழுந்தது. அந்த அனுபவத்தையே பின்னர் 'பழைய பள்ளி' என்ற தலைப்பில் நூலாக எழுதினார்.

1889-இல் பரவிய கொள்ளைநோய் சில வாரங்களுக்குள் தந்தை, தாய் இருவரையும் கொண்டுபோனது. அப்போது அவருக்கு வயது 11. மறு ஆண்டு, மூத்த சகோதரரைப் பின்பற்றிப் புகாரா நகருக்கு வந்தார். புகழ்பெற்ற மீர் அரப் உள்ளிட்ட மதரஸாக்களில் படித்தார். படிப்புக்கு இடையே பிறர் வீடுகளில் ஏவல் வேலை செய்தார், சமைத்தார், துணி துவைத்தார். அவர் வேலை செய்த வீடுகளில் ஒன்று, கவிஞர்களும் அறிஞர்களும் கூடும் இடமாக இருந்தது. தேநீர் பரிமாறியபடியே கவிதை விவாதங்களைக் கேட்டார் அந்தச் சிறுவர். பின்னர் தாமே கவிதை எழுதத் தொடங்கியபோது 'அய்னி' என்று புனைபெயர் சூட்டிக்கொண்டார். கண், ஊற்று எனப் பல பொருள் தரும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

அன்றைய புகாரா, ரஷியப் பேரரசின் பாதுகாப்பில் இருந்த அமீரகம். வெளியுறவு ரஷியர் கையிலும், உள்நாட்டு ஆட்சி அமீர் கையிலும் இருந்தன. வரிச்சுமையில் குடியானவர்கள் நசுங்கிக்கொண்டிருந்தார்கள். அய்னிக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த அஹ்மத் தானிஷ் என்னும் அறிஞர், ரஷியாவை நேரில் கண்டு திரும்பி, தம் நாட்டின் பின்தங்கிய நிலையை எழுதிவைத்திருந்தார். கையெழுத்துப் படியாகவே உலவிய அந்த நூலைப் படித்தது அய்னியின் சிந்தனையைத் திருப்பியது. கல்வியைச் சீர்திருத்தாமல் நாட்டைச் சீர்திருத்த இயலாது என்று கருதிய 'ஜதீதுகள்' எனப்படும் சீர்திருத்தவாதிகளோடு அவர் இணைந்தார்.

1908-இல் நண்பர்களுடன் சேர்ந்து, தாஜிக் குழந்தைகளுக்கு அவர்களின் தாய்மொழியிலேயே புதிய முறையில் கற்பிக்கும் பள்ளியைப் புகாராவில் தொடங்கினார். அதற்கெனப் பாடநூலும் எழுதினார். எழுத்துகளை ஒலியோடு சேர்த்துக் கற்பித்தால் குழந்தைகள் சில மாதங்களிலேயே வாசிக்கத் தொடங்குவார்கள் என்பதைக் கண்டபோது, மகிழ்ந்தவர்களைவிட அஞ்சியவர்கள் அதிகம். பழமைவாதிகளின் எதிர்ப்பால் பள்ளி மூடப்பட்டது. அதன் பின்னர் மறைமுகச் சங்கம் அமைத்துச் சீர்திருத்தப் பணியைத் தொடர்ந்தார்கள்.

1917-இல் ரஷியப் பேரரசர் வீழ்ந்ததும், புகாராவிலும் சீர்திருத்தம் கோரி ஊர்வலம் நடந்தது. அமீர் ஆலிம் கான் முதலில் இணங்குவதுபோலக் காட்டி, பிறகு திடீரெனப் பாய்ந்தார். ஏப்ரலில் அய்னி கைது செய்யப்பட்டு, 75 கசையடிகள் பெற்று, கோட்டைச் சிறையில் எறியப்பட்டார். ரஷியப் படைவீரர்கள் அவரை விடுவித்து, அண்மை நகர மருத்துவமனையில் சேர்த்தனர். முதுகெல்லாம் கிழிந்த நிலையில் அவர் மருத்துவமனையில் இருந்தபோது எடுக்கப்பட்ட புகைப்படம் இன்றும் அந்த ஆட்சியின் சாட்சியாக நிற்கிறது. உயிர் பிழைத்த அவர் சமர்கண்டில் குடியேறினார். ஆனால், 1918-இல் அமீரின் ஆட்கள் அவருடைய சகோதரரைக் கொன்றனர். பள்ளிக்கூடம் நடத்தியதற்கும் ஊர்வலத்தை ஆதரித்ததற்கும் ஒரு குடும்பம் கொடுத்த விலை அது.

1920-இல் செம்படையின் உதவியோடு அமீரகம் கவிழ்ந்தது. அடித்தவர் ஓடினார், அடிபட்டவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். கதை இத்துடன் இனிதே முடிந்திருக்கலாம். ஆனால், அய்னியின் மொழிக்கான பெரிய சோதனை அதன் பிறகுதான் தொடங்கியது.

1924-இல் சோவியத் அரசு மத்திய ஆசியாவை இனவாரியாகப் பிரித்தது. உஸ்பெகிஸ்தான் ஒன்றியக் குடியரசாயிற்று. தாஜிக் மக்களுக்கோ, உஸ்பெகிஸ்தானுக்கு உட்பட்ட தன்னாட்சிப் பகுதி ஒன்றே முதலில் கிடைத்தது. அது பெரும்பாலும் மலைநாடு. 1929-இல் குஜந்த் பகுதியும் சேர்க்கப்பட்டுத் தனிக் குடியரசாக உயர்ந்தபோதும், தாஜிக் மொழியின் ஆயிரம் ஆண்டுப் பெருமைக்கு உரிய சமர்கண்ட், புகாரா நகரங்கள் எல்லைக்கு வெளியே உஸ்பெகிஸ்தானிலேயே நின்றுவிட்டன. மதுரையும் தஞ்சாவூரும் இல்லாத ஒரு தமிழ்நாட்டைக் கற்பனை செய்தால் இந்த இழப்பின் அளவு புரியும்.

நிலத்தைவிடப் பெரிய ஆபத்து ஒரு வாதத்தின் வடிவில் வந்தது. தாஜிக் என்று தனி மக்களே இல்லை, இந்நகரங்களில் வாழ்வோர் பாரசீகப் பண்பாட்டின் தாக்கத்தால் தாய்மொழியை மறந்துபோன துருக்கிய இனத்தவரே என்று அதிகாரத்தில் இருந்த சிலர் கூறினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாஜிக் பேசும் பலர் உஸ்பெக் எனப் பதிவானார்கள். இந்த வாதத்தை முன்வைத்தவர்களில், அய்னியோடு ஒரே சீர்திருத்த இயக்கத்தில் நின்றவர்களும் இருந்தார்கள் என்பதுதான் கசப்பான உண்மை.

அய்னி மேடை ஏறி முழங்கவில்லை. சுவடிகளையும் பழைய தொகை நூல்களையும் திரட்டினார். பத்தாம் நூற்றாண்டின் ரூதகி தொடங்கித் தம் காலத்து இளம் கவிஞர்கள் வரை, மத்திய ஆசிய மண்ணில் இந்த மொழியில் எழுதியவர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பும் எழுதி, பெருநூலாகத் தொகுத்தார். 'தாஜிக் இலக்கிய மாதிரிகள்' என்னும் அந்நூல் 1926-இல் மாஸ்கோவில் அச்சானது. இந்த மொழி இம்மண்ணில் என்று வந்தது என்ற கேள்விக்கு, அது இங்கிருந்து நீங்கியதே இல்லை என்பதை ஆயிரம் ஆண்டுச் சான்றுகளால் அந்நூல் நிறுவியது.

பலன் உடனே கிடைத்ததா? கிடைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே, அமீர்களைப் போற்றும் பழங்கவிதை இடம்பெற்றிருப்பதைக் காரணமாகக் காட்டி, அந்நூல் புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. அமீரிடம் கசையடி பட்டவர்மீது அமீருக்குப் பரிந்தவர் என்ற பழி! ஆனால், நூல் அதற்குள் தன் பணியைச் செய்துவிட்டது. தாஜிக் இலக்கியம் என்று ஒன்று உண்டு என்பதை அதற்குப் பிறகு எவராலும் மறுக்க இயலவில்லை.

நமக்கு இங்கே உ.வே. சாமிநாதையர் நினைவுக்கு வருவது இயல்பு. உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855-இல் பிறந்து, ஊர் ஊராக ஏடு தேடி, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர் அவர். செல்லரித்த ஏடுகளிலிருந்து ஒரு மொழியின் பழமையை மீட்டவர் என்ற வகையில் இருவரும் ஒரே தொழிலைச் செய்தவர்கள். ஒரு வேறுபாடு உண்டு. சாமிநாதையர் காலத்தோடும் கரையானோடும் போராடினார். அய்னி அவற்றோடு அரசுக் கொள்கையோடும் போராட வேண்டியிருந்தது.

பழையதைத் தொகுப்பதோடு அய்னி நிற்கவில்லை. பழம்பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மொழி வாழ்ந்துவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார். அதுவரை அந்த மொழியின் பெருமை பெரும்பாலும் கவிதையில் இருந்தது. உரைநடையோ அரண்மனை எழுத்தர்களின் அலங்காரத்தில் சிக்கிக் கிடந்தது. உழவனும் கூலியாளும் பேசும் சொற்களைக் கொண்டு கதை எழுதத் துணிந்தார் அய்னி. மலைநாட்டு அநாதைச் சிறுவன் ஒருவன் செல்வரின் கடன்வலையில் சிக்கிச் சிதைவதைச் சொல்லும் 'ஓதினா' 1924-இல் நாளேட்டில் தொடராக வந்தது. பண்ணையாள் முறையைக் கண்ட கீழத்தஞ்சைக்காரர்கள் அந்தக் கதையைத் தங்கள் ஊர்க் கதையாகவே படிக்கலாம். 1930-இல் 'தோகுந்தா' என்னும் நாவல் வெளிவந்தது. அடுத்து வந்த 'அடிமைகள்', புகாரா சந்தையில் மனிதர்கள் விற்கப்பட்ட காலத்திலிருந்து நூறாண்டு வரலாற்றைச் சொன்னது. 'வட்டிக்காரனின் மரணம்' என்ற குறுநாவலில், தன் வயிற்றையும் பணப்பையையும் தவிர வேறெதையும் அறியாத ஒரு கஞ்சனை நகைச்சுவையோடு படைத்தார். வங்கிகள் பறிபோயின என்ற செய்தியே அவன் உயிரைப் பறித்துவிடுகிறது.

எந்தத் தாஜிக் மொழியில் எழுதுவது என்ற விவாதம் அப்போது கடுமையாக நடந்தது. ஈரானின் செவ்வியல் நடையைப் பின்பற்ற வேண்டும் என்றனர் ஒரு சாரார். வட்டாரப் பேச்சை அப்படியே எழுத வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். பழைய இலக்கியத்தின் உறவு அறுந்துவிடாமல், படிப்பறிவு குறைந்தவருக்கும் விளங்கும்படி எழுதுவதே வழி என்று அய்னி நடுவில் நின்றார். அதற்காகவே அகராதி ஒன்றையும் தொகுத்தார். இன்றைய தாஜிக் உரைநடை அவர் வகுத்த பாதையில்தான் நடக்கிறது. உஸ்பெக் மொழியிலும் அவர் நிறைய எழுதினார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தம் மொழியை மறுத்தவர்களோடு அவருக்கு வழக்கு உண்டு. அண்டை வீட்டார் மொழியோடு பகை இல்லை.

அவருடைய ஆர்வம் நம் நாட்டையும் தொட்டது. பாட்னாவில் 1644-இல் பிறந்து, டில்லியில் 1720-இல் மறைந்த பாரசீகக் கவிஞர் பேதில், இந்தியாவில் பெரும்பாலும் மறக்கப்பட்டவர். ஆனால், புகாராவின் மதரஸாக்களிலும் வீட்டுக் கூடங்களிலும் அவருடைய கவிதைகள் தலைமுறைகளாக வாசிக்கப்பட்டன. அந்த இந்தியக் கவிஞரைப் பற்றி அய்னி தனி நூலே எழுதினார். ரூதகி, இப்னு சீனா, பிர்தௌசி ஆகியோரைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். பழைய நூற்குறிப்புகளைக் கொண்டு, ரூதகியின் கல்லறை பஞ்ச்ரூத் என்னும் மலையூரில் இருப்பதை 1940-இல் அடையாளம் காட்டினார்.

அய்னியைக் குறையற்றவராகக் காட்டுவது அவருக்கே நியாயம் செய்வதாகாது. 1930-களில் ஸ்டாலின் ஆட்சியின் களையெடுப்பில், அவருடைய பழைய தோழர்கள் பலர் உயிரிழந்தனர். புகாரா சீர்திருத்த இயக்கத்தின் பெரிய அறிஞரான பித்ரத் 1938-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அய்னி அதைப் பற்றி வெளிப்படையாக எழுதவில்லை. அமீரின் கொடுமையை விரிவாக எழுதிய பேனா, தம் கண்முன் நடந்த கொடுமையின் முன் மௌனம் காத்தது. 1949 முதல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற 'நினைவுகள்' நான்கு பாகங்களும், புரட்சிக்கு முந்தைய காலத்தோடு நின்றுவிடுகின்றன. அந்நூலுக்கு 1950-இல் ஸ்டாலின் பரிசு வழங்கப்பட்டது என்பதும் வரலாற்றின் முரண்களில் ஒன்று. தொடர்ந்து எழுத அவர் எண்ணியிருந்தார். ஆயுள் இடம் தரவில்லை. இடம் தந்திருந்தாலும், அந்தக் காலத்தை உள்ளபடி எழுத ஆட்சி விட்டிருக்குமா என்பது வேறு கேள்வி. மௌனம் அவரைக் காத்தது; அவரோடு அவர் திரட்டியவற்றையும் காத்தது. அந்த மௌனத்தை மெச்சவும் இயலவில்லை. வெளியில் பாதுகாப்பாக அமர்ந்துகொண்டு எளிதில் பழிக்கவும் இயலவில்லை.

மற்றோர் இழப்பும் அவர் காலத்திலேயே நேர்ந்தது. அரபு வரிவடிவில் எழுதப்பட்ட தாஜிக் மொழி, 1920-களின் இறுதியில் லத்தீன் எழுத்துக்கும், 1940-இல் ரஷிய எழுத்துக்கும் மாற்றப்பட்டது. ஒரே மனிதரின் வாழ்நாளுக்குள் இரண்டு முறை எழுத்து மாறியது. தாத்தாவின் கையெழுத்துச் சுவடியைப் பேரனால் படிக்க இயலாமற்போயிற்று. அந்தப் பள்ளத்தின் மீது பாலமாக நின்றவை அய்னி போன்றோரின் தொகுப்புகளும் ஆய்வுகளும்தாம்.

1951-இல் தஜிகிஸ்தான் அறிவியல் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். 1954 ஜூலை 15-ஆம் தேதி துஷான்பேயில் மறைந்தார். இன்று அந்நாட்டின் 5 சோமோனி பணத்தாளில் அவருடைய உருவம் இருக்கிறது. 1997-இல் 'தஜிகிஸ்தானின் வீரர்' என்ற உயரிய பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது. எனினும், அவர் நீண்டகாலம் வாழ்ந்து எழுதிய சமர்கண்ட் வீடு இன்னும் எல்லைக்கு அப்பால் உஸ்பெகிஸ்தானில்தான் இருக்கிறது. எல்லையை அவரால் மாற்ற இயலவில்லை. எல்லையின் இருபுறமும் தாஜிக் மொழி வாசிக்கப்படுவதற்கு அவர் வழி செய்தார்.

இந்த வாழ்வு காரைக்கால் போன்ற சிறு நிலப்பகுதிக்குச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. நம் மொழிக்கு இன்று அத்தகைய மறுப்பு இல்லை. ஆனால், மறதி உண்டு. தமிழ்நாட்டின் வரலாற்று நூல்களில் காரைக்கால் அடிக்குறிப்பாகவும், புதுச்சேரியின் வரலாற்று நூல்களில் இறுதி அத்தியாயமாகவுமே இடம்பெறுகிறது. பிரெஞ்சு ஆட்சியின் வழியே வந்து தங்கிய சொற்கள், கீழவாஞ்சூர் முதல் வடக்கே உள்ள மீனவ ஊர்கள் வரை கடலையும் காற்றையும் வலையையும் குறிக்க வழங்கும் சொற்கள், கப்பலேறிச் சென்றவர்கள் அனுப்பிய கடிதங்கள், தர்காவிலும் கோயிலிலும் பாடப்படும் பாடல்கள் ஆகியவை முதியவர்களின் நினைவிலும் பழைய பெட்டிகளிலும் உள்ளன. அவற்றைத் தேடி வீட்டுக்கு வரும் அரசுத் துறை எதுவும் இல்லை.

அய்னி தம் நூலைத் தொடங்கியபோது அவரிடம் பெரிய நிறுவனம் இல்லை. சில சுவடிகளும், நல்ல நினைவாற்றலும், எழுதப் பழகிய கையும் இருந்தன. இங்குள்ள பள்ளி, கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் ஊருக்கு ஒரு குறிப்பேடு என்று தொடங்கினால்கூடப் போதும். முதலில் பதிவாக வேண்டியவை, எண்பது வயதைக் கடந்தவர்களின் நினைவில் மட்டும் உள்ள சொற்கள்.